பெயர் தெரியாத பழைய பட்டறைக் கருவியை அடையாளம் காண்பது எப்படி

துருப்பிடித்த பழைய கருவி ஒன்று கையில் கிடைத்ததும் பலர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவார்கள். மற்றவர்கள் அதில் ஏதாவது பெயர் அடித்திருக்கிறதா என்று தேடுவார்கள். தேய்ப்பதால் சான்று அழிகிறது. பெயரோ, யார் செய்தது என்று சொன்னாலும் எதற்குச் செய்தது என்று சொல்வது அபூர்வம். கருவியின் வேலையைச் சொல்வது மூன்று விஷயங்கள்: விசை எங்கே உள்ளே போகிறது, எந்த விளிம்பு பொருளைத் தொடுகிறது, எங்கே தேய்ந்திருக்கிறது. இந்த வரிசையில் பார்த்தால் பத்தில் ஏழெட்டுக் கருவிகள் எந்தத் தொழிலுடையவை என்றாவது பிடிபட்டுவிடும்.

அழுக்கைத் தொடாமல் பார்ப்பது

மண்ணையும் சிலந்தி வலையையும் பழைய பல் துலக்கியால் தட்டிவிடலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். பள்ளங்களிலும் கைப்பிடி சேரும் கழுத்திலும் ஒட்டியிருப்பதை வெயிலில் வைத்து லென்ஸ் வழியே பாருங்கள். கறுப்பு அரக்கு இருந்தால் நகைப்பட்டறையோ பாத்திர நகாசு வேலையோ. மெழுகும் தோல் தூளும் செருப்பு அல்லது சேணத் தொழில். வெள்ளையாக இறுகிய மக்கு என்றால் கண்ணாடி பொருத்துபவர். எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமும் பஞ்சும் படகு வேலை. பளபளக்கும் சாம்பல் நிற ஒட்டு ஈயப்பற்றாக இருக்கலாம். நகத்தால் கீறினால் கோடு விழும். ஒரு நிமிட வெயிலில் கிடைக்கும் இந்தத் தகவலை ஒரு மணி நேர உப்புத்தாள் வேலை அடியோடு அழித்துவிடும்.

பிறகு அளவு. மொத்த நீளம், வாயின் (பொருளைத் தொடும் விளிம்பின்) அகலம், வாயின் தடிமன், துளைகளின் விட்டம், எடை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வெர்னியர் இருந்தால் மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும் அளக்கவும். 12.7, 19.05, 25.4 மி.மீ. என்று வந்தால் அது அரை, முக்கால், ஒரு அங்குலம். செய்தவர் அங்குலத்தில் யோசித்திருக்கிறார். 12, 20, 25 என்று முழு எண்ணாக வந்தால் ஐரோப்பியக் கருவியாகவோ, இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை பரவிய காலத்துக் கருவியாகவோ இருக்கலாம். தேய்ந்த விளிம்பில் எடுத்த அளவு இதற்கு உதவாது. கழுத்திலோ உடலிலோ எடுங்கள்.

விசை எங்கிருந்து வருகிறது?

தலைப்பக்கத்தைப் பாருங்கள். இரும்புத் தலை காளான் போல விரிந்து ஓரம் மடங்கியிருந்தால் அதைச் சுத்தியால் அடித்திருக்கிறார்கள். மரக் கைப்பிடியின் உச்சியில் இரும்பு வளையம் இருந்தால் பலத்த அடி வாங்கச் செய்தது. வளையம் கீழே, இரும்பு நுழையும் இடத்தில் மட்டும் பூணாக இருந்தால் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியின் அடியோ கையழுத்தமோதான் அதற்கு. பேரிக்காய் வடிவக் குட்டைப் பிடி என்றால் உள்ளங்கையில் வைத்துத் தள்ளுவது. செதுக்குவேலைக்காரர்களின் உளிகள் இப்படித்தான் இருக்கும்.

கைப்பிடியே இல்லாமல் நான்கு பட்டையான வால் மட்டும் இருந்தால் மூன்று வழிகள் உண்டு. வால் சிறியதாகக் கூம்பி, 6 முதல் 10 மி.மீ. அகலத்தில் இருந்தால் கையால் சுற்றும் பிரேஸில் மாட்டும் துளைக்கருவி. கூம்பாமல் 20 மி.மீ.க்கு மேல் சதுரமாக இருந்தால் கொல்லர் பட்டறைக்கல்லின் சதுரத் துளையில் நிற்கும் வெட்டிரும்பு அல்லது அச்சு. வால் நீண்டு கூம்பி, மேலே வழவழப்பான கொம்போ உருண்டையோ இருந்தால் தகர, செம்பு வேலைக்காரர் மேசையில் ஊன்றி மேலே தகட்டை வளைக்கும் கருவி. இந்த மூன்றாவதை வாங்குபவர்கள் அடிக்கடி “உடைந்த பட்டறைக்கல்” என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

காம்பு நுழையும் கண் இருந்தால் அதன் இரு வாய்களையும் அளந்து பாருங்கள். கோடரியில் காம்பைத் திணித்து ஆப்பு அடிப்பதால் ஆப்புப் பக்கம் சற்று விரிந்திருக்கும். மண்வெட்டி வகையிலும் சில வாய்ச்சிகளிலும் (மரம் செதுக்கும் கருவி) காம்பு மறுபக்கத்திலிருந்து இறங்கித் தானே இறுகும். அதனால் கண் எதிர்த் திசையில் கூம்பியிருக்கும்.

வாயும் தேய்மானமும்

ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சாணை பிடித்திருந்தால் உளி, இழைப்புளி அலகு, வாய்ச்சி என்ற குடும்பம். இரு பக்கமும் சரிந்தால் பிளக்கும் கருவி. கூரே இல்லாமல் தடித்த, நேரான வாய் என்றால் வெட்டும் கருவி மழுங்கிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பொருளை அழுத்தவோ மடிக்கவோ திணிக்கவோ அப்படியே செய்திருக்கலாம். பழைய பட்டறைகளில் நடக்கும் பெரிய சேதமே இதுதான். மழுங்கிய உளி என்று நினைத்துச் சாணை பிடித்தால் கருவி போய்விடும்.

தேய்மானம் எந்தப் பக்கம் கூடுதல் என்று பாருங்கள். வாயின் ஒரு மூலை மட்டும் உருண்டிருந்தால் சாய்த்துப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கீறல்கள் வாய்க்குச் செங்குத்தாக இருந்தால் முன்னே தள்ளியது; வாய்க்கு இணையாக இருந்தால் பக்கவாட்டில் அறுத்தது; வளைந்த கீறல்கள் சுழற்சியைக் காட்டும். கைப்பிடியில் கட்டைவிரல் பள்ளம் விழுந்திருந்தால் எந்தக் கை, எந்தக் கோணம் என்றே தெரிந்துவிடும். தேய்மானமே இல்லாத பழைய கருவி ஒன்று வாங்கி வைத்துப் பயன்படாமல் கிடந்தது, அல்லது ஒரு பெரிய செட்டின் அரிதான அளவு.

என்ன உலோகம்?

முதலில் காந்தம். ஒட்டாவிட்டால் பித்தளை, வெண்கலம், செம்புக் கலவை. செம்பு நிறத்தில் கனமான சுத்தியோ ஸ்பானரோ என்றால் எச்சரிக்கை வேண்டும். எண்ணெய்க் கிடங்கிலும் வெடிமருந்துக் கிடங்கிலும் பொறி பறக்காமல் இருக்க இப்படிச் செய்வார்கள். சிலவற்றில் பெரிலியம் கலந்திருக்கும். அந்தத் தூள் நுரையீரலைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் சாணையோ அரமோ வைக்கக் கூடாது.

இரும்பு என்றால் கண்ணில் படாத ஓரத்தில் புது அரத்தின் முனையால் ஒரே ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் கடினப்படுத்திய எஃகு, கடித்தால் மென்மை. வாய் மட்டும் வழுக்கி உடல் கடித்தால் இரும்பு உடலில் எஃகு வைத்து அடித்த கருவியாகவோ, வாயை மட்டும் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்தியதாகவோ இருக்கும். எஃகு வைத்ததில் சாய்ந்த வெளிச்சத்தில் சரிவின் குறுக்கே மெல்லிய இணைப்புக் கோடு தெரியும். எந்திரத் தொழிற்சாலைக்கு முந்திய பாணி அது. கிராமக் கொல்லர்கள் பிற்காலத்திலும் அப்படிச் செய்ததால் இதை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

சாணைக்கல்லில் பொறி பார்க்கும் சோதனை கருவியில் தழும்பு போடும். மதிப்பில்லாத துண்டு என்று உறுதியானால் மட்டும் செய்யலாம், கண்ணாடி அணிந்து. நட்சத்திரமாக அடர்ந்து வெடித்தால் கார்பன் மிகுந்த எஃகு. நீண்ட வைக்கோல் நிறக் கோடுகள் வெடிக்காமல் போனால் பழைய தேனிரும்பு. குட்டையான சிவந்த பொறி வார்ப்பிரும்பு. மங்கிய சிவப்பில் வெடிப்பே இல்லாமல் வந்தால் ஹைஸ்பீடு ஸ்டீல், அதாவது எந்திரத்தில் வேகமாக வெட்டப் பயன்படும் எஃகு. அது லேத் பட்டறையிலிருந்து வந்திருக்கலாம்.

ஒரு கருவி இன்னொரு கருவியிலிருந்து பிறந்திருக்கவும் கூடும். உடலில் அரத்தின் பல்வரி மங்கலாகத் தெரிந்தால் பழைய அரத்தை அடித்து உளியாக்கியது. பட்டையாக, லேசான வளைவோடு, ஒரே தடிமனில் இருந்தால் லாரி வில் பட்டை. இவற்றை எந்தப் படப் பட்டியலிலும் தேடிப் பயனில்லை. வாயைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அரத்திலிருந்து செய்த உளியைச் சுத்தியால் அடிக்கவும் வேண்டாம். சரியாகப் பதம் இறக்காமல் (மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்காமல்) விட்டிருந்தால் சில்லு தெறிக்கும்.

எழுத்துகள் சொல்வதும் சொல்லாததும்

எழுத்தைப் படிக்க உப்புத்தாள் வேண்டாம். ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியுங்கள். தெரியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கலாம். சாக்பீஸ் தூள் நிரப்பித் துடைத்தாலும் பள்ளங்கள் வெள்ளையாக எழும்.

‘காஸ்ட் ஸ்டீல்’ என்றிருந்தால் பலர் வார்ப்பிரும்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது மூசையில் (உலோகம் உருக்கும் மண் குடுவையில்) உருக்கிய உயர்ந்த எஃகு. 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் கொண்டுவந்த முறை அது. அந்தச் சொல் உள்ள உளியின் எஃகு பெரும்பாலும் நன்றாக இருக்கும். ‘டிராப் ஃபோர்ஜ்டு’ என்பது செய்முறை, ‘குரோம் வனேடியம்’ என்பது உலோகம். ரம்பத்துக் கைப்பிடிப் பித்தளை வில்லையில் காணும் ‘வாரண்டட் சுப்பீரியர்’ வெறும் விளம்பர வாசகம். இவை எதுவும் கம்பெனிப் பெயர் ஆகா. ஜெர்மன் கருவிகளில் ‘டி.ஆர்.பி.’ காப்புரிமையையும் ‘டி.ஆர்.ஜி.எம்.’ பயன்பாட்டு மாதிரிப் பதிவையும் குறிக்கும். பின்னது 1891இல் தொடங்கியது. அதற்கு முந்தைய கருவியில் இராது.

காப்புரிமைத் தேதி ‘இதற்கு முன் செய்ததில்லை’ என்பதை மட்டும் சொல்லும். ஸ்டான்லி இழைப்புளியில் கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19 என்றிருந்தால் அது அந்தத் தேதிக்குப் பிறகு வந்தது. எவ்வளவு பிறகு என்பதற்கு வேறு சான்று வேண்டும். அமெரிக்கக் காப்புரிமை எண் பத்து லட்சத்தைத் தொட்டது 1911இல், இருபது லட்சத்தை 1935இல், முப்பது லட்சத்தை 1961இல். எண்ணை இந்த இடைவெளியில் பொருத்திப் பார்த்தாலே தோராயமான காலம் வந்துவிடும்.

இன்னொரு பிழை, சொந்தக்காரர் முத்திரையைத் தயாரிப்பாளர் முத்திரை என்று எடுத்துக்கொள்வது. தயாரிப்பாளர் பெயர் ஒரே அச்சில், நேர்வரியில், சம ஆழத்தில் இருக்கும். ஒவ்வோர் எழுத்தாகப் பஞ்ச் வைத்து அடித்து ஏறுமாறாக நின்றால் அது பட்டறையோ தொழிலாளியோ இட்ட அடையாளம். மூன்று கோடுகளாலான அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து. தமிழ்நாட்டில் கிடைக்கும் கருவிகளில் ‘எஸ்.ஐ.ஆர்.’ அடிக்கடி தென்படும். அது சவுத் இந்தியன் ரயில்வே, அதாவது தென்னிந்திய ரயில்வே, திருச்சி பொன்மலைப் பணிமனையின் பழைய சொந்தக்காரர். 1951 ஏப்ரல் 14இல் தென்னக ரயில்வே உருவானதால், அந்த மூன்று எழுத்தும் உண்மையானால் கருவி அதற்கு முந்தியது.

எண்களிலும் ஏமாற்று உண்டு. பழைய பிரிட்டிஷ் ஸ்பானரில் 1/4 டபிள்யூ என்றிருக்கும். வாயை அளந்தால் 13.3 மி.மீ. வரும். உள்ளே நுழையும் மரையாணியின் விட்டத்தைத்தான் அந்த எண் குறிக்கிறது. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை முறையின் மிச்சம் அது. 3/8 டபிள்யூ என்றால் வாய் சுமார் 18 மி.மீ., 1/2 டபிள்யூ என்றால் 23.4 மி.மீ. பழைய புல்லட் வண்டி வைத்திருப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். மாறாக, ‘ஏ.எஃப்.’ (அக்ராஸ் ஃபிளாட்ஸ்) என்று போட்டிருந்தால் எண் வாயகலத்தையே சொல்லும். மரத்துளைக் கருவியின் வாலில் வெறும் ‘8’ இருந்தால் அது அங்குலத்தில் பதினாறில் எட்டுப் பங்கு, அதாவது அரை அங்குலம். ‘10’ என்றால் எட்டில் ஐந்து பங்கு (5/8 அங்குலம்).

ஒன்றைப் போல் ஒன்று இருக்கும் கருவிகள்

தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

துளை வரிசை உள்ள எஃகுத் தகடு. பெரிதிலிருந்து சிறிதாகத் துளைகள் வரிசையாக இருந்தால் உடனே “கம்பி அளவி” என்பார்கள். துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே மரை தெரிந்தால் சிறு திருகாணிகளில் மரை வெட்டும் தகடு. பெரும்பாலும் துளையோடு சிறு பிளவோ பக்கத்துளையோ சேர்ந்திருக்கும், வெட்டுத்தூள் வெளியேற. மரை இல்லாமல் ஒரு முகத்தில் அகன்று மறுமுகத்தில் குறுகிப் புனலாக இருந்தால் தட்டார் தங்க, வெள்ளிக் கம்பி இழுக்கும் கம்பியச்சு. கம்பி அகன்ற பக்கம் நுழைந்து குறுகிய பக்கம் வெளிவரும். துளையின் குறுகிய வாய் முட்டை வடிவமாகியிருந்தால் நிறைய உழைத்தது என்று பொருள். தடித்த பட்டையில் ஒன்றிரண்டு கூம்புத் துளைகளும் நீண்ட பிடியும் இருந்தால் கொல்லர் ஆணிக்குத் தலை தட்டும் அச்சு.

ஓரத்தில் பிளவுகள் உள்ள தகடு. வட்டத் தகட்டின் சுற்றிலும் பிளவு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வட்டத் துளை, பக்கத்தில் எண் என்றால் கம்பி, தகடு அளக்கும் கேஜ். பலர் வட்டத் துளைக்குள் கம்பியை நுழைத்துப் பார்க்கிறார்கள். அளவு பிளவில் இருக்கிறது. துளை கம்பியை வெளியே எடுக்க இடம் மட்டுமே. பிரிட்டிஷ் கேஜில் எண் 10 சுமார் 3.25 மி.மீ., எண் 20 சுமார் 0.91 மி.மீ. எண் ஏற ஏறக் கனம் குறையும். இதற்கு மாறாக, எண் இல்லாத தகட்டில் நான்கைந்து பிளவும் ஒரு கைப்பிடியும் இருந்தால் அது ரம்பப் பல்லை இடமும் வலமுமாகச் சாய்க்கும் கருவி. பிளவைப் பல்லில் மாட்டி முறுக்குவார்கள். பிளவின் வாய் ஓரம் அதனால் உருண்டிருக்கும். அதே வேலைக்குக் கைத்துப்பாக்கிப் பிடி போன்ற குறடும் உண்டு. அதன் சுழலும் வட்டில் எண்கள் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதைக் குறிக்கும்.

கூர் இல்லாத அகல உளி. கொத்தனாரின் செங்கல் வெட்டி என்றுதான் முதலில் தோன்றும். அதன் வாய் சரிவாகக் கூர்ந்திருக்கும். வாய் 2 முதல் 5 மி.மீ. தட்டையாக, அல்லது வாயின் நீளத்துக்கு ஒரு சிறு பள்ளம் ஓடினால் மரக்கலப் பலகை இடுக்கில் பஞ்சும் கயிறும் திணிக்கும் கலப்பற்று உளி. இதன் தலை அகன்றிருப்பது அடி வாங்கியதால் மட்டுமில்லை, செய்யும்போதே அப்படி. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களின் பழைய இரும்புக் கடைகளில் இந்தச் சந்தேகம் வர நியாயம் உண்டு.

ஒரே முகத்தில் ஆழமான துளையும் பக்கத்தில் ஆழமில்லாத கிண்ணமும் உள்ள சிறு எஃகுக் கட்டை. ஆணி அமுக்கி என்று நினைத்தால் இரண்டாவது பள்ளத்துக்கு விளக்கம் இராது. இது ரிவெட் தலை கட்டும் அச்சு. ரிவெட் காலைத் துளைக்குள் விட்டு அடித்தால் இரு தகடுகளும் ஒட்டிக்கொள்ளும். காலைச் சுத்தியால் பரப்பி, பிறகு கிண்ணத்தை வைத்து அடித்தால் உருண்டைத் தலை வரும்.

பல் இல்லாத முக்கோண அரம். தேய்ந்த அரம் என்று தூக்கி எறியப்படுவது இதுதான். மூன்று முகமும் உட்குழிந்து மூன்று விளிம்பும் கூராக இருந்தால் வெள்ளை உலோகம் என்ற மென்மையான கலவையில் செய்த பேரிங்கைச் சுரண்டிப் பொருத்தும் ஸ்கிரேப்பர். விளிம்பு கூரின்றி முழுக்கக் கண்ணாடி போல் வழவழப்பாக இருந்தால் மெருகேற்றும் இரும்பு. அதன் மதிப்பே அந்த வழவழப்பு என்பதால் துருநீக்கியில் ஊறப்போடக் கூடாது.

பிடியில் சுழலும் வட்டு. 2, 3 செ.மீ. பல்சக்கரம் தையற்காரர் கோடு போடுவது. 15 முதல் 20 செ.மீ. விட்டத்தில், பல்லும் கூரும் இல்லாமல், விளிம்பில் ஒரு வெட்டுக்குறி மட்டும் இருந்தால் வண்டிச் சக்கரம் கட்டுபவர் சுற்றளவு அளக்கும் சக்கரம். மரச் சக்கரத்தின் மேல் உருட்டிச் சுற்று எண்ணி, அதைவிடச் சற்றுக் குறைவாக இரும்புப் பட்டையைச் செய்து, காய்ச்சி ஏற்றி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள்.

தாள் போல் மெல்லிய பட்டை, நுனியருகே கொக்கி வெட்டு என்றால் இரும்புத் தொழிலில் தேடாதீர்கள். அது கைத்தறியில் அச்சு எனப்படும் சீப்பு போன்ற சட்டத்தின் பல்லிடுக்கில் நூல் இழுப்பது.

கருவியே இல்லாமலும் இருக்கலாம்

எங்குமே கை படும் இடம் இல்லை, ஒரு முகம் மட்டும் கடைசலில் மழித்திருக்கிறது, சாவிப் பள்ளமோ இறுக்கும் திருகுத் துளையோ எண்ணெய்த் துளையோ இருக்கிறது என்றால், கையில் இருப்பது ஏதோ எந்திரத்தின் உறுப்பு. பம்ப், தறி, தையல் இயந்திரம், வண்டி என்று தேடுவது நல்லது. துண்டின் ஓரம் சொரசொரப்பாக மணல் போல் மின்னினால் வார்ப்பிரும்பு முறிந்த இடம் அது. பாதிக் கருவியை முழுக் கருவியாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இன்னும் தெரியாவிட்டால்

மற்றவரிடம் கேட்கும்போது படம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மேல், கீழ், இரு பக்கம், வாய், தலை என ஆறு படங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்கேல் தெரிய வேண்டும். நாணயம் வைத்தால் எந்த ஆண்டு நாணயம் என்று எதிர்க்கேள்வி வரும். அசையும் பாகம் இருந்தால் திறந்த நிலை, மூடிய நிலை இரண்டும். எங்கே கிடைத்தது, கூட என்னென்ன இருந்தன என்பதையும் எழுதுங்கள். அதே பெட்டியில் இருந்த மற்ற நான்கு கருவிகள் சொல்வதை எந்த முத்திரையும் சொல்லாது. “இது என்ன?” என்று கேட்பதைவிட “வாய் 3 மி.மீ. தட்டை, தலையில் அடித்த தழும்பு, பள்ளத்தில் கறுப்புப் பிசின்” என்று கேட்டால் வரும் பதில்களின் தரமே வேறு. கடைசியில், அந்தத் தொழிலில் அறுபது வயதைக் கடந்தவரிடம் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் எப்படிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். பெயர் நினைவுக்கு வராவிட்டாலும் பிடிக்கும் விதம் வேலையைக் காட்டும்.

அடையாளம் தெரிந்த பிறகு துரு நீக்கலாம். வினிகரில் சில மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊறினால் மங்கலான எழுத்து கரைந்துவிடும். எடுத்ததும் சோடா உப்புக் கரைசலில் அலசி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவுங்கள், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் மஞ்சள் துரு படரும். மின்முறை என்றால் பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு சிறு ஸ்பூன் சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர், கருவிக்கு நெகட்டிவ், பலியாகும் இரும்புத் துண்டுக்குப் பாசிட்டிவ். மாற்றி இணைத்தால் கருவிதான் கரையும். பலித் துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். மரப்பிடி கழற்ற முடியாத கருவியை இந்த வாளியில் போடவே கூடாது.